30 கிரெடிட், 40 மணித்தியாலம்

மகன் பத்தாம் வகுப்புக் கணிதத்தில் கோட்டை விட்டுவிட்டான். கனடாவின் ஒன்ராறியோவில் உயர்நிலைப் பள்ளி டிப்ளோமாவுக்கு, பாடங்களில் தேறினால் கிடைக்கும் கிரெடிட் 30 வேண்டும்; ஒன்று போனதற்கே எனக்கு வயிற்றைக் கலக்கியது. படிப்பது கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியில். இப்படிச் சறுக்குகிற பிள்ளைகளைக் கவனிக்கவென்றே அங்கே ஓர் ஆசிரியர் இருக்கிறார். "முழுப் பாடத்தையும் திரும்பப் படிக்கத் தேவையில்லை, பிழைத்த அலகுகளைச் செய்தால் போதும்" என்றார். கிரெடிட் ரிக்கவரியாம். எங்கள் காலத்தில் ஃபெயில் என்றால் ஃபெயில்தான்!

சரி, டிப்ளோமாவுக்கு அடுத்த தேவை 40 மணித்தியாலத் தொண்டு. பெடியன் இதுவரை முடித்தது வெறும் ஆறு, உணவு வங்கியில் டின் அடுக்கி. இன்னொரு தேவையான எழுத்தறிவுச் சோதனையில் மட்டும் தேறிவிட்டான். அதற்குச் சைவக்காரி நான் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தியது தனிக்கதை.