கோக் கோழி இறக்கை: பாகு பதம் தப்பாமல் செய்ய

கோக் ஊற்றிச் சமைக்கும் கோழி இறக்கை சீன வீடுகளில் வெகு சாதாரணமான சாப்பாடு. சோயா சாஸ், கற்கண்டு, அன்னாசிப்பூ போட்டு இறைச்சியைச் சிவக்க வேகவைப்பது அவர்களுடைய பழைய முறை. கொக்கா கோலா 1979-இல் சீனாவுக்குள் மறுபடி வந்த பிறகு, அந்தக் கற்கண்டின் இடத்தை ஒரு டின் பானம் பிடித்துக்கொண்டது. கோலாலம்பூரில் நம் வீடுகளிலும் இப்போது பிள்ளைகள் கேட்கிறார்கள். செய்து பார்த்தவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் இரண்டுதான்: தண்ணீராகவே நின்றுவிட்டது, அல்லது கருகி உப்புக் கரித்தது. பாகு காய்ச்சுகிறோம் என்பதை மறந்து கறி வைப்பதுபோல் வைத்துவிடுவதால் வருவது இது.

அடுப்பைப் பற்றவைக்கும் முன் டின்னைத் திருப்பிப் பாருங்கள். நம் ஊர் டின் 320 மில்லி. வழக்கமான கோலாவில் 100 மில்லிக்குச் சுமார் 10.6 கிராம் சீனி. ஆக ஒரு டின்னில் 34 கிராம். சீனச் சமையல் குறிப்புகள் எல்லாம் இந்தக் கணக்கில் எழுதப்பட்டவை. ஆனால் இங்கே 2019 ஜூலை முதல் 100 மில்லியில் 5 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் லிட்டருக்கு 40 சென் என்று வரி வந்தது. அதையொட்டிப் பல பானங்களில் சீனி குறைந்தது. லேபிளில் 'ஜும்லா குலா' (மொத்தச் சீனி) என்ற வரியில் 100 மில்லிக்கு 5 கிராம் என்று இருந்தால் டின்னில் இருப்பது 16 கிராம்தான். எவ்வளவு நேரம் சுண்டினாலும் அது பளபளக்காது. குறைகிற 18 கிராமைக் கற்கண்டாகப் போடுங்கள். சீனி இல்லாத கோலாவை வாங்கவே வேண்டாம். அதில் பாகாவதற்கு ஒன்றும் இல்லை.

கோலாவில் இருக்கும் பாஸ்பாரிக் அமிலமும் வேலை செய்கிறது. ஜாமூன் பாகு காய்ச்சும்போது சீனி பூத்துப் போகாமல் இருக்க எலுமிச்சைச் சாறு சில சொட்டு விடுகிறோம் அல்லவா, அதே வேலைதான். கேஸ் போன பழைய கோலாவும் தாராளமாக ஆகும். இன்னும் சொல்லப்போனால் அதுதான் வசதி, குவாலியில் (குழிந்த வாணலியில்) பொங்கி வழியாது.

நடு இறக்கை 10 துண்டு எடுத்துக்கொள்ளுங்கள், சுமார் அரை கிலோ. பசாரில் முழு இறக்கையாக வாங்கினால் நுனியை வெட்டி சூப்புக்கு வைத்துவிடலாம். நுனி இந்தச் சமையலில் சீக்கிரம் கருகும். மஞ்சள் தேய்த்துக் கழுவும் பழக்கம் உள்ளவர்கள் கழுவட்டும், ஆனால் மஞ்சள் முழுக்கப் போக வேண்டும். பிறகு துணியாலோ டிஷ்யூவாலோ ஈரமே இல்லாமல் ஒற்றி எடுங்கள். ஈரத் தோல் குவாலியில் ஒட்டிக் கிழியும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு எலும்புக்கும் நடுவே, பின்பக்கம் மட்டும், இரண்டு கீறல் போதும். தோல் பக்கம் கீறினால் வெந்ததும் சுருண்டு எலும்பு தெரியும்.

கிச்சாப், அதாவது சோயா சாஸ், வாங்குவதில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். உப்புக்கு வேண்டியது நீர்த்த வகையான கிச்சாப் சாயிர், 2 மேசைக்கரண்டி. நிறத்துக்குக் கெட்டியான கிச்சாப் பெக்காட், 1 தேக்கரண்டி, அதற்கு மேல் வேண்டாம். இனிப்பு வகையான கிச்சாப் மானிஸ் இந்தச் சமையலுக்கு ஆகாது. அதிலேயே சீனி ஏகமாக இருப்பதால் கோலாவோடு சேர்ந்து கருகிவிடும். உப்பு தனியாகப் போடவே கூடாது. 320 மில்லி பானம் கடைசியில் மூன்று நான்கு மேசைக்கரண்டியாக வற்றும். ஆரம்பத்தில் நாக்குக்குச் சரியாக இருக்கும் உப்பு முடிவில் வாயில் வைக்க முடியாது. அதனால் சாயிரில் 1½ கரண்டியை முதலிலும், மீதியைக் கடைசியில் ருசி பார்த்தும் விடுங்கள்.

குவாலியில் 1 மேசைக்கரண்டி எண்ணெய், நடுத்தரத் தீ. இறக்கைகளைத் தோல் கீழே இருக்குமாறு அடுக்கி 3 நிமிடம் தொடாதீர்கள். பொன்னிறமானால் தோல் தானே விட்டுக்கொடுக்கும். ஒட்டியிருந்தால் இன்னும் நேரமாகவில்லை. திருப்பி 2 நிமிடம். இதற்குள் இறக்கையின் கொழுப்பு நிறைய வடிந்திருக்கும். ஒரு கரண்டி அளவு வைத்துக்கொண்டு மற்றதை வடித்துவிடுங்கள், இல்லையென்றால் பாகு தோலில் பிடிக்காமல் எண்ணெய் தனியே மிதக்கும். இஞ்சி 5 வில்லை, தட்டிய பூண்டு 3 பல், அன்னாசிப்பூ 1, விரல் கணு அளவு பட்டை, காய்ந்த மிளகாய் 3 போட்டு வாசனை வரும்வரை கிளறுங்கள். மசாலாத் தூள் எதுவும் வேண்டாம். தூள் பாகில் கரகரக்கும், அடியும் பிடிக்கும். சீனர்கள் ஒரு கரண்டி அரிசி மது விடுவார்கள். அது சேர்க்காத வீடுகளில் இஞ்சிச் சாறு 1 கரண்டி விட்டால் கவிச்சை போய்விடும். புளிப்புக்கு வினிகர் தேவையில்லை, கோலாவே புளிப்புதான்.

இப்போது கோலாவைக் குவாலி ஓரமாக மெல்ல ஊற்றுங்கள், கிச்சாப் இரண்டும் சேருங்கள். கற்கண்டு போடுவதானால் இப்போதே. கொதித்ததும் நுரையை எடுத்துவிட்டு, தீயைத் தணித்து, மூடி 12 நிமிடம். பாதியில் ஒருமுறை திருப்புங்கள்.

மூடியைத் திறந்து தீயைக் கூட்டியதும் உங்கள் முழுக் கவனமும் குவாலியில் இருக்க வேண்டும். முதலில் குமிழிகள் பெரிசு பெரிசாக வந்து உடனே உடையும். அது தண்ணீர் போகிற நேரம். ஐந்தாறு நிமிடத்தில் குமிழி சின்னதாகி, நெருங்கி, உடைய மனமில்லாமல் பளபளவென்று நிற்கும். சத்தமும் மாறும்: சலசலப்பு அடங்கி அடர்த்தியான பொதபொதப்பு. இங்கிருந்து கருகலுக்கு ஒன்றிரண்டு நிமிடம்தான். இறக்கைகளைப் புரட்டிக்கொண்டே இருங்கள். கரண்டியால் அடியில் ஒரு கோடு இழுத்தால் கோடு கூடாமல் ஒரு நொடி நிற்க வேண்டும். கம்பிப் பதம் வரும் முன்பே அடுப்பை அணைத்துவிடுங்கள், ஆறும்போது தானே இறுகும். சோளமாவு கரைத்து ஊற்றிக் கெட்டியாக்குபவர்கள் உண்டு. அதில் மினுமினுப்பு மங்கி வழவழப்பாகிவிடும். இறக்கைத் தோலிலிருந்து இறங்கும் பசையே போதும்.

அதிகம் இறுகிவிட்டால் வெந்நீர் 2 கரண்டி விட்டுத் தளர்த்தலாம். கசப்பு வாசனை வந்துவிட்டால் அடியைச் சுரண்டாமல் இறக்கைகளை மட்டும் வேறு தட்டுக்கு மாற்றுங்கள்.

சார்சி என்ற நன்னாரி போன்ற வாசனையுள்ள கேஸ் பானத்தில் செய்யலாமா என்றால், பாதி சார்சி பாதி கோலா வரைக்கும் சரி. முழுக்கச் சார்சி ஊற்றிச் சுண்டினால் அதன் வாசனை தைலம்போல் தூக்கலாகிவிடும். ஆரஞ்சு பானம் வேண்டாம், வெறும் புளிப்பாக முடியும்.

20 இறக்கைக்கு இரண்டு டின் ஊற்றாதீர்கள். குவாலியின் வாய் அதே அகலம்தான், வற்ற இரட்டை நேரமாகும், அதற்குள் இறைச்சி எலும்பைவிட்டுக் கழன்றுவிடும். 1½ டின் போதும், கிச்சாப்பும் அதே கணக்கில். இன்னும் நல்லது, பத்துப் பத்தாக இரண்டு தடவை செய்வது. ஆனால் நடுவில் குவாலியைக் கழுவிவிடுங்கள்.