கேம்பாய்க்கு பவர் பேங்க்

2001-ல் வந்த கேம்பாய் அட்வான்ஸ் என்ற நின்டெண்டோவின் கையடக்க வீடியோ கேம் கருவியில் திரைக்கு விளக்கே கிடையாது. என்னுடையதில் இப்போது பழையதுக்குப் பதிலாக, பின்விளக்குள்ள ஐபிஎஸ் வகை எல்சிடி திரை. அடடா, அந்த நிறங்கள்! ஆனால் பின்விளக்கு கரண்ட் குடிக்கிறது; இரண்டு ஏஏ பேட்டரியும் சீக்கிரமே தீர்ந்துவிடுகின்றன. அதனால்தான் பவர் பேங்க்.

செய்யப்போகிறவர்கள் கவனியுங்கள்: யுஎஸ்பியில் வருவது 5 வோல்ட், இதற்கு வேண்டியது 3. நடுவில் வோல்டேஜைக் குறைக்கும் சின்ன கன்வர்ட்டர் போர்டு கட்டாயம். பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் இணைக்க வேண்டும். சாதாரண ஆல்கலைன் பேட்டரிக்குள் கரண்ட் ஏறினால் கசிந்து, உள்ளே இருப்பதையெல்லாம் அரித்துவிடும். இந்த வயதுப் பொருளுக்கு அது நடக்கவே கூடாது.

இன்னொன்று, கேம்பாய் இழுக்கும் கரண்ட், பவர் பேங்க் கணக்கில் ரொம்பக் கம்மி. பல பவர் பேங்குகள் எதுவும் இணைக்கவில்லை என்று நினைத்து, ஆட்டத்தின் நடுவிலேயே அணைந்துவிடும். இயர்பட்ஸ் மாதிரி சின்ன சாதனங்களுக்கான குறைந்த கரண்ட் மோடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.