லாரிக்கும் யூரியா

பொங்கலுக்கு மறுநாள் அத்தை கேட்டார்: "எட்டு வருஷம் ஆச்சே தம்பி, கனடாவுல வீடு ஒண்ணும் வாங்கலையா?" வாங்க நினைத்திருந்ததைப் போனில் காட்டினேன். கட்டில், குட்டி ஃப்ரிட்ஜ், மைக்ரோவேவ், துணி மாட்ட ஒரு அலமாரி. "ரூம்பு சின்னதா இருந்தாலும் லட்சணமா இருக்கு. எந்தத் தெருவு?" என்றார். அத்தை, இது வீடு இல்லை, லாரிக்குள்ளே ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற இடம் என்றேன். போனைக் கையில் திணித்துவிட்டு அம்மாவைத் தேடிக் கொல்லைப்பக்கம் போய்விட்டார். எனக்குப் பெண் பார்க்கும் பேச்சு அன்றோடு நின்றது.

அங்கே பிராம்ப்டன் நகரில் நான் நன்றாகவே செட்டில் ஆகிவிட்டேன். 103.5 மணி நேரக் கட்டாயப் பயிற்சி முடித்து, பெரிய லாரி ஓட்டுவதற்கான ஏஇசட் உரிமம் எடுத்தேன். ஆறு வருஷமாக அடுத்தவர் வண்டி ஓட்டுகிறேன். பனியும் பழகிவிட்டது. ஜூன் 12 வந்தால் மட்டும், 401 நெடுஞ்சாலை ஓரத்து லாரி நிறுத்தத்தில் வண்டியைப் போட்டுவிட்டு, மேட்டூர் திறந்தார்களா, கல்லணைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று போனில் தேடிக்கொண்டிருப்பேன். எனக்கென்று அரை மா நிலம்கூடக் கிடையாது.

இப்போது சொந்த வண்டி வாங்கலாம் என்று யோசனை. பழையதுதான். கணக்கில் இரண்டு இருந்தன: டிடி15 எஞ்சின் போட்ட ஃபிரெய்ட்லைனர் கஸ்கேடியா, கம்மின்ஸ் எக்ஸ்15 போட்ட கென்வொர்த் டி680. முன்னதன் படுக்கையறை 72 அங்குலம், பின்னது 76. மாமா பையனுக்கு மூக்கு நீண்ட கென்வொர்த் டபிள்யூ900தான் வேண்டும். பார்க்க ராஜா மாதிரி இருக்கும், சரி. ஆனால் அந்த மூக்கு காற்றோடு மல்லுக்கட்டும், டீசலுக்குக் காசு கொடுப்பது நான்.

அப்பா திண்ணையில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டார். உம்பளச்சேரி மாட்டு ஜோடி வாங்கப் போகும்போது அவர் என்னைக் கூட்டிப்போவார். முதலில் பல், பிறகு சுழி, பிறகு நாலு எட்டு நடக்கவிட்டு ஒரு பார்வை. கடைசியில்தான் துண்டுக்கடியில் தரகரோடு விரல் பிடிப்பது. "இதுல பல்லு எது?" என்று கேட்டார். எஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து, எவ்வளவு புகை வருகிறது என்று பார்ப்போம். ஆயிலில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவோம். கம்ப்யூட்டரில் எத்தனை மணி நேரம் சும்மா நின்றபடி ஓடியிருக்கிறது என்று எடுப்போம் என்றேன். "விக்கிறவன் நீ போறதுக்கு முன்னாடியே எஞ்சினச் சூடு பண்ணி வச்சிருப்பான். தொட்டுப் பாரு" என்றார். பயிற்சியில் யாரும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை.

யூரியா பேச்சு வந்ததும்தான் சங்கடமே. டீசல் தவிர இன்னொரு டாங்கில் யூரியாக் கரைசல் ஊற்ற வேண்டும் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அப்பா எழுந்து உட்கார்ந்தார். "சொசைட்டியில ஒரு மூட்டைக்கு ரெண்டு நாள் நிக்கிறோம். லாரிக்கு ஊத்துறியா?" 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்தமான தண்ணீர். சூடான புகையில் தெளித்தால் அமோனியாவாகிக் கெட்ட வாயுவை நைட்ரஜனும் நீராவியுமாக்கிவிடும். நூறு லிட்டர் டீசலுக்கு மூன்று லிட்டர் போல ஆகும் என்று விளக்கினேன். "புகைக்கு உரம் போடுறீங்க" என்றார்.

எனக்கும் அதன்மேல் கோபம் உண்டு. போன பிப்ரவரியில் தண்டர் பே தாண்டி ஒரு சென்சார் கெட்டது. கரைசல் நிறைய இருந்தும் வண்டி அதை நம்பவில்லை. தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டு மணிக்கு எட்டு கிலோமீட்டரில் தவழ்ந்தது. நம் ஊர்த் தேர் அதைவிட வேகமாக நிலைக்கு வரும் என்று தோன்றியது. வெளியே மைனஸ் முப்பது. இழுவை வண்டிக்குக் காத்திருந்த நேரம் முழுக்க, நாற்றங்காலில் யூரியா விசிறும் அப்பாவின் கைதான் கண்ணில் நின்றது. இடுப்பில் கூடை, மூன்று எட்டுக்கு ஒரு வீச்சு.

யூரியாவே கேட்காத பழைய எஞ்சின் வாங்கு என்கிறான் மாமா பையன். கலிபோர்னியாவுக்குள் 2010க்கு முந்தைய எஞ்சினை 2023 முதல் விடுவதில்லை. எனக்குக் காய்கறி லோடே அங்கிருந்துதான். "சரி, எந்த வண்டிக்கு வழியெல்லாம் மெக்கானிக் இருக்கான்?" என்று கேட்டார் அப்பா. யோசித்துப் பார்த்தேன். படுக்கையில் நாலு அங்குலம் போனால் போகட்டும் என்று கஸ்கேடியாவுக்கே தலையாட்டினேன்.

திருச்சி விமான நிலையத்துக்குக் கிளம்பிய அன்று நீடாமங்கலம் ரயில்வே கேட் வழக்கம்போல மூடியிருந்தது. முன்னால் நெல் மூட்டை ஏற்றிய லாரி. ஓட்டுநர் இறங்கி, கேனிலிருந்து நீல மூடி போட்ட டாங்கில் ஏதோ ஊற்றினார். அப்பா கார்க் கதவைத் திறந்துகொண்டு அவரிடம் போனார். கேட் திறந்து, பின்னால் ஹாரன் காதைப் பிளந்த பிறகுதான் திரும்பினார்.

"இவனும் அதத்தான் ஊத்துறான். கேனு வெலையக் கேட்டேன். நம்ம மூட்டையே தேவல."