6.20 வண்டி

ஜூலை 3, 2023, திங்கள்

6.20 கம்பெனி வண்டி போனது. ஆட்குறைப்பில் வேலை போனதால் நான் ஏறவில்லை. டிரைவர் பழக்கதோஷத்தில் முக்கில் வேகம் குறைத்தார். நான் வாய் நிறையப் பல்பொடியோடு வாசலில் நின்றிருந்தேன். ஒரு ஹாரன் வேறு. கையை மட்டும் ஆட்டினேன்.

ஜூலை 4

அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 18,200. அதை மாதத்து வேலை நாள் 26ஆல் வகுத்தால் நாளுக்கு 700. 15ஆல் பெருக்கினால் 10,500. 19 வருடத்துக்கு 1,99,500. இது கிராஜுவிட்டி. ஆட்குறைப்புக்கு வருடத்துக்கு 15 நாள் சம்பளம், அது தனி. பி.எஃப்.பில் ஒரு மாதம் கழித்து 75 சதவீதம் எடுக்கலாம், மிச்சத்துக்கு இன்னொரு மாதம் பொறுக்க வேண்டும். மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அதே தொகைதான் வருகிறது. என்ன எதிர்பார்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை. பாப்பாவின் கணக்கு நோட்டில் கடைசிப் பக்கத்தில் போட்டுவிட்டேன். அவள் பார்த்திருப்பாள். ஒன்றும் கேட்கவில்லை.

ஜூலை 7

தக்காளி நூறைத் தாண்டிவிட்டது. புளி ரசம்.

ஜூலை 11, செவ்வாய்

கோவை கணபதி ஏரியாவில் நான்கு பட்டறை ஏறி இறங்கினேன். முதல் இடத்தில் வயதைக் கேட்டார்கள். 43 என்றதும் டீ வந்தது, பேச்சு நின்றது. இரண்டாவது இடத்தில் ஆபரேட்டராக வந்தால் 14,000 என்றார்கள். மூன்றாவது இடத்து முதலாளிக்கு என் வயதில் பாதிதான் இருக்கும், நல்ல பையன். "அண்ணா, மெஷினுக்குப் புரோகிராம் போடுவீங்களா?"

திருத்துவேன், அளவு விலகினால் ஆஃப்செட் போட்டுச் சரிசெய்வேன், டூல் மாற்றி முதல் பீஸை சைஸுக்குக் கொண்டுவருவேன் என்றேன். முழுசாக எழுதுவீர்களா என்றார். அதற்கு அங்கே தனியாக ஆள் இருந்தது என்று நான் சொன்ன பதில் எனக்கே நொண்டிச் சாக்கு மாதிரி கேட்டது.

அவரிடம் சொல்லாமல் வந்த விஷயம் ஒன்று இருக்கிறது. உள்ளே நிற்கும்போதே ஒரு டர்னிங் சென்டரில் காலை முதல் பீஸை அளந்துவிட்டு ஆஃப்செட் மாற்றிக்கொண்டிருந்தார்கள். மெஷின் இன்னும் சூடே ஏறவில்லை. இப்போது மாற்றினால் பத்து மணிக்குத் திரும்ப மாற்ற வேண்டும், நடுவில் போனதெல்லாம் ரிஜெக்‌ஷன். 100 மி.மீ. எஃகு 10 டிகிரி சூடானால் கிட்டத்தட்ட 12 மைக்ரான், அதாவது 0.012 மி.மீ., நீளும். கால் மணி நேரம் சும்மா ஓட விடுங்கள் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. வேலை கேட்டுப் போன இடத்தில் புத்தி சொன்னால் நன்றாக இருக்காது என்று வந்துவிட்டேன்.

நான்காவது இடம் பூட்டியிருந்தது.

ஜூலை 14

கூட வேலை பார்த்த பாய் வந்திருந்தார். அவருக்கும் அதே ஆட்குறைப்புக் கவர், அதே தேதி. "டீசல் புகைக்கு ஏப்ரல் ஒண்ணாம் தேதி புது ரூல் வந்துச்சுல்ல, அன்னைக்கே நமக்குத் தெரிஞ்சிருக்கணும். மின்சார வண்டியில நாம கிரைண்டிங் பண்ற கேம்ஷாஃப்ட் ஏது?" என்றார். மச்சானோடு பிரியாணிக் கடை போடப் போகிறாராம். என்னையும் கூப்பிட்டார். எனக்கு வெங்காயம்கூடச் சரியாக வெட்ட வராது.

ஜூலை 17, திங்கள்

சேர்ந்துவிட்டேன். காந்திபுரத்தில், சாயங்காலம் 6 முதல் 8. பி.எல்.சி. கோர்ஸ், மெஷினை இயக்கும் சின்னக் கம்ப்யூட்டர். மொத்தம் 22,000, இரண்டு தவணை. ஐ.டி.ஐ. டர்னர் சான்றிதழின் நகலைக் கேட்டார்கள். லேமினேஷனுக்குள் மஞ்சள் பூத்திருக்கிறது.

அவிநாசி ரோட்டில் மேம்பாலத் தூண்களுக்கு நடுவில் பஸ் ஊர்ந்தது. ஜி.டி. நாயுடு மியூசியத்துக்கு எதிரே பத்து நிமிடம் நின்றது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட மனுஷன், 1937இல் இந்த ஊரில் மோட்டார் செய்து காட்டினார். அதை நினைத்துத் தெம்பு வந்ததா என்றால் இல்லை. அவர் ஜி.டி. நாயுடு.

வகுப்பில் பதினோரு பேர், எனக்கு அடுத்த மூத்தவனுக்கு 23. சொல்லிக்கொடுப்பவர் ஒரு பெண், 24, 25 இருக்கலாம். நான் மேடம் என்கிறேன், அவர் அண்ணா என்கிறார். பசங்களுக்கு என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை, கூப்பிடாமலே சமாளிக்கிறார்கள்.

ஜூலை 20

மணி ஒன்றரை. ஸ்டாப் பட்டன் தூங்க விடவில்லை.

பேனலில் ஸ்டாப்பை என்.சி.யாகத்தான் (நார்மலி க்ளோஸ்டு) இழுப்பார்கள். அழுத்தாதபோது கரண்ட் போய்க்கொண்டே இருக்கும், அழுத்தினால் அறும். இது 19 வருடமாகக் கண்ணால் பார்த்தது. அதனால் பி.எல்.சி.க்கு எழுதும் படத்திலும், அதாவது லேடரிலும், அந்த இடத்தில் என்.சி. குறியைப் போட்டேன். ஸ்டார்ட் கொடுத்தால் மோட்டார் எடுக்கவே இல்லை. மேடம் வந்து பார்த்து, "அண்ணா, அங்க என்.ஓ. போடுங்க" என்றார். நார்மலி ஓப்பன், திறந்த குறி. போட்டேன். எடுத்தது. பக்கத்துப் பையன் முதல் தடவையே அப்படித்தான் போட்டிருந்தான், ஏன் என்று அவனுக்கும் தெரியாது.

ஏன்? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதுதான். பஸ்ஸில் டிக்கெட்டின் பின்னால் வரைந்தேன். ஸ்டாப் என்.சி. என்றால் மூடின சர்க்யூட்தானே, அதை ஏன் திறந்த குறியால் எழுத வேண்டும்? பசங்க "அப்படித்தாண்ணா" என்று போய்விடுகிறார்கள் (இன்று முதல் தடவையாக அண்ணா!). எனக்கு அப்படிப் போகத் தெரியவில்லை.

ஜூலை 21

புரிந்துவிட்டது! குளிக்கும்போது.

பி.எல்.சி.க்குப் பட்டனைத் தெரியாது. வயரில் 24 வோல்ட் வருகிறதா இல்லையா, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஸ்டாப்பை யாரும் தொடாதபோது வோல்ட் வருகிறது, ஆகவே உள்ளே அது 1. என்.ஓ. குறி என்றால் '1 ஆக இருந்தால் வழி விடு'. என்.சி. குறி என்றால் '0 ஆக இருந்தால் வழி விடு'. நான் என்.சி. போட்டதால் வழி அடைத்துக்கொண்டது. வெளியே இருக்கும் பட்டன் வேறு, உள்ளே எழுதும் குறி வேறு. இரண்டுக்கும் ஒரே பேரை வைத்த புண்ணியவான் யாரோ.

ஸ்டாப்பை ஏன் என்.சி.யாக இழுக்க வேண்டும் என்பதற்கு மேடம் நல்ல காரணம் சொன்னார். எலி வயரைக் கடித்துவிட்டால் மெஷின் தானாக நிற்கும். என்.ஓ.வாக இருந்து வயர் அறுந்திருந்தால் எவ்வளவு அழுத்தினாலும் நிற்காது, உள்ளே ஒருத்தன் கை மாட்டியிருந்தாலும். ஒரு தடவை கூலண்ட் பட்டுக் கேபிள் உளுத்துப்போய் கம்பெனியில் என் கிரைண்டிங் மெஷின் நட்டநடு ஷிஃப்டில் நின்றது. எலக்ட்ரீஷியனை அன்றைக்கு என்ன பேச்சுப் பேசினேன். 60 பீஸ் போச்சு என்று. அது ஒழுங்காக வேலை செய்ததால்தான் நின்றது.

ஜூலை 24

6.20 வண்டி முக்கில் வேகம் குறைக்கவில்லை. புது டிரைவராக இருக்கும்.

ஆகஸ்ட் 3, ஆடி 18

பேரூர் படித்துறைக்குப் போனோம். கூட்டம். திரும்பும்போது என் வீட்டுக்காரி, "ஏனுங்க, மாவு யாவாரம் ஆரம்பிக்கலாமுன்னு இருக்கேன். நம்ம வீதியிலயே இருவது வீடு கேக்குறாங்க" என்றாள். யோசிக்கிறேன் என்று சொல்லவில்லை, முடிவு செய்துவிட்டாள். சரி என்றேன். பத்து வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 9

பி.எஃப். மனு திரும்பி வந்துவிட்டது. பி.எஃப். பதிவில் அப்பா பெயரில் ஒரு 'ஏ' கூடுதல், ஆதாரோடு ஒத்துப்போகவில்லை. 19 வருடமாக அந்த 'ஏ' அங்கேயே உட்கார்ந்திருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை. மைக்ரானில் அளந்த லட்சணம்.

ஆகஸ்ட் 12

மாவு கிரைண்டர் ஆறு கிலோவுக்கு மேல் போட்டால் முனகுகிறது. பக்கத்து அறையில் டைமர் பாடம் படித்துக்கொண்டிருந்தேன், சத்தம் கேட்டதுமே பேரிங் என்று தெரிந்துவிட்டது. கழற்றினேன், அதேதான். 180 ரூபாய். இப்போது பூனை மாதிரி ஓடுகிறது. இரண்டு மாதத்தில் இன்றைக்குத்தான் கையில் கிரீஸ்.

ஆகஸ்ட் 23, புதன்

6.04க்கு சந்திரயான்-3 நிலாவில் இறங்கிவிட்டது. மேடம் வகுப்பை நிறுத்திவிட்டு மேஜையில் போனைச் சாய்த்துவைத்தார், பன்னிரண்டு தலையும் அதன் மேல். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், டிப்ளமோவில் ஆரம்பித்தவர் என்று ஒரு பையன் சொன்னதும் ஒரே விசில். நானும் கை தட்டினேன். கண் கலங்கியது, அது நிலாவுக்காக இல்லை என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 24

இன்று எவன் முகத்திலும் விழிக்கப் பிடிக்கவில்லை.

பழைய குரூப்பில் யாரோ அனுப்பியிருக்கிறார்கள்: கற்றலை நிறுத்துபவன் முதியவன். கீழே சூரிய உதயப் படம். கடைசி நாளில் கவர் கொடுத்த அந்தப் பிள்ளையும் இதையேதான் இங்கிலீஷில் சொன்னது.

நான் எப்போதடா நிறுத்தினேன்? 2004இல் உள்ளே போனபோது கையால் சக்கரம் சுற்றும் கிரைண்டர். கம்ப்யூட்டரில் ஓடும் சி.என்.சி. வந்தது, படித்தேன். ஐந்து பீஸுக்கு ஒரு தடவை அளந்து சார்ட்டில் புள்ளி வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். அளவு எவ்வளவு சீராக வருகிறது என்று காட்டும் சி.பி.கே. எண் 1.33க்குக் கீழே இறங்கினால் மேலேயிருந்து ஆள் வரும். என் மெஷினுக்கு அப்படி ஆள் வந்தது ரெண்டே தடவை. டைமண்டால் கிரைண்டிங் வீலைச் சீவுகிற சத்தத்திலேயே டைமண்ட் தேய்ந்ததைச் சொல்வேன். எனக்குப் பின்னால் வந்த பதினாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இதெல்லாம் படிப்பு இல்லையாம். இதற்கு ஒரு தாள் இல்லை, அதனால் இல்லை.

சரி, தாள் வாங்குவோம். ஆனால் சூரிய உதயம் அனுப்பாதீர்கள்.

ஆகஸ்ட் 25

குரூப்பில் மன்னிப்புக் கேட்டேன். (நேற்று ராத்திரி பதில் போட்டுவிட்டேன்.)

செப்டம்பர் 6

ராத்திரி பாப்பா கணக்குப் போடுகிறாள், எதிரே நான் என்.பி.டி.இ.எல். வீடியோ, ஐ.ஐ.டி.க்காரர்களின் ஆன்லைன் பாடம். பார்க்கக் காசு இல்லை, பரீட்சை எழுதினால் 1,000. இங்கிலீஷ் வேகமாகப் போகிறது. நிறுத்தி நிறுத்தி அவளைக் கேட்கிறேன். "அப்பா, லாட்சிங் எனக்குப் புரியுது, இந்த ஆளு பேசறதுதான் புரியல." ஸ்டார்ட்டிலிருந்து விரலை எடுத்த பிறகும் மோட்டார் ஏன் ஓடுகிறது என்று வரைந்து காட்டினேன். காயிலின் சொந்த கான்டாக்டே அதைப் பிடித்துக்கொள்கிறது. "ஸ்டாப்புக்கு ஏன்பா என்.ஓ. போட்டிருக்கீங்க?" என்றாள்.

உட்கார் தாயி என்று முக்கால் மணி நேரம்.

செப்டம்பர் 15

பழைய சாமான் எடுப்பவர் மைக்ரோமீட்டரைக் கையில் தூக்கிப் பார்த்து 1,500 என்றார். 2009 போனஸில் வாங்கியது, 0–25 மி.மீ. அளக்கும், ஜப்பான் சரக்கு. வாங்கி உள்ளே வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 29

தாள் கையில். 'ஏ' கூடுதலாக இல்லை, பார்த்துவிட்டேன்.

அக்டோபர் 9

மூன்று இடம். அனுபவம் இருக்கா? எதில்? பி.எல்.சி.யில். இல்லை.

அக்டோபர் 23, ஆயுத பூஜை

போன வருடம் இந்நேரம் என் மெஷினுக்குப் பட்டை போட்டு, கன்று வாழை கட்டி, பொரியும் சுண்டலும் ஸ்வீட் பாக்ஸும். எலுமிச்சை நசுக்க மெஷினுக்குச் சக்கரம் இல்லையே என்று வருடா வருடம் பாய் அதே ஜோக்கைச் சொல்வார்.

இன்று பலகையில் கிரைண்டர், மாவுத் தராசு, பாப்பாவின் புத்தகம், இரண்டாங்கை லேப்டாப். பைக்குக்கு வாசலிலேயே. கடைசியில் அவள் உள்ளே போய் மைக்ரோமீட்டர் டப்பாவை எடுத்து வந்து, திறந்து, சந்தனம் வைக்கப் போனாள். அளக்கிற முகத்தில் வைக்காதே, அளவு போய்விடும் என்று கத்திவிட்டேன். டப்பா மேல் வைத்தாள். பாப்பா சிரித்தாள், அவளும். எனக்கும் அடக்க முடியவில்லை.

பாய் சாயங்காலம் வந்து பொரி வாங்கிப் போனார். கடை பரவாயில்லையாம். குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் ஒருத்தர் மெயின்டனன்ஸுக்கு ஆள் தேடுகிறார், பிரியாணி வாங்க வருகிறவர் என்று நம்பர் கொடுத்தார்.

அக்டோபர் 26, வியாழன்

போனேன். சின்ன இடம், ஆறு மெஷின். தாளை வாங்கி மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "வாங்க, ஒண்ணு காட்டுறேன்" என்று கூட்டிப்போனார். ஓடிக்கொண்டிருந்த மெஷின் பக்கத்தில் நின்று என்னையே பார்த்தார். ஸ்பிண்டில் பெல்ட் தளர்ந்திருக்கு என்றேன். இரண்டு வாரம் பார்க்கலாம், நாளுக்கு 650, ராத்திரி ஷிஃப்ட் என்றார்.

பழைய கணக்கில் நாளுக்கு 700, அதைவிடக் கொஞ்சம் கீழே. பாப்பா நோட்டில் எழுதவில்லை.

அக்டோபர் 27

ஷூவைத் தேடி எடுத்தேன். உள்ளே பல்லி முட்டை.

அக்டோபர் 28, ராத்திரி 2.40

சிலிண்டர் முன்னால் வந்து நிற்கிறது, திரும்பவில்லை. சென்சாரில் விளக்கு எரிகிறது, பி.எல்.சி.யில் இன்புட் வரவில்லை. வயர் நன்றாக இருக்கிறது, இரண்டு தடவை பார்த்தாயிற்று. சாயங்காலம்தான் யாரோ புது சென்சார் மாற்றியிருக்கிறார்கள், பழையது குப்பைத் தொட்டியில் கிடக்கிறதாம். பிளஸ் கொடுக்கும் பி.என்.பி. சென்சார் இருந்த இடத்தில் மைனஸ் கொடுக்கும் என்.பி.என். போட்டுவிட்டார்களோ? மேல் எழுத்து கூலண்டில் அழிந்திருக்கிறது. டார்ச் வேண்டும். தொட்டியைக் கவிழ்த்துப் பார்க்கி