தோட்டத்துச் சாளைக்கு எந்த நாய், அபார்ட்மெண்டுக்கு எந்த நாய்?

நாய் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இனத்தின் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள். "லேப் வாங்கலாமுங்களா? ராட்வீலர் எப்படீங்க?" என்று. இனத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சித்திரை மாதம் மத்தியானம் மூன்று மணிக்கு அந்த நாய் எங்கே படுத்திருக்கும்? அந்த நேரத்தில் வீட்டில் யார் இருப்பார்கள்? பக்கத்தில் ஆட்டுப்பட்டி இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பாதி இனங்கள் தானாகவே கழிந்துவிடும்.

முதலில் வெயில். பொள்ளாச்சி, கோவைப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொஞ்சம் காப்பாற்றும். ஈரோடு, கரூர், பரமத்திப் பக்கம் அந்தச் சலுகை இல்லை. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். பக், ஷிட்சூ, புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அந்த வழியே குறுகல். மூக்குத் துவாரம் சிறிது, உள்ளே மேல்வாயின் பின்பக்க மெத்தென்ற சதை (மென்னண்ணம்) நீளம். குட்டி வாங்கும்போது அது வாயை மூடி அமைதியாக உட்கார்ந்திருக்கையில் காதைக் கிட்ட வைத்துக் கேளுங்கள். சும்மா இருக்கும்போதே கர்கர் என்று சத்தம் வந்தாலோ, மூச்சை இழுக்கையில் துவாரம் ஒட்டிக்கொண்டாலோ அந்தக் குட்டி வேண்டாம். மின்விசிறியும் குளிர்ந்த தரையும் உள்ள வீட்டுக்குள்ளேயே வாழப்போகிற நாய் என்றால்தான் இந்த இனங்களை யோசிக்கலாம். தகரக் கொட்டகையில் கட்டிப்போடுகிற வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். சைபீரியன் ஹஸ்கியையும் செயின்ட் பெர்னார்டையும் இந்த ஊர் வெயிலுக்குக் கொண்டுவருவது அந்த உயிருக்குச் செய்யும் கொடுமை.

எந்த நாய்க்கும் சாதாரண உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 104-ஐத் தாண்டினால் ஆபத்து. கெட்டியான எச்சில், செக்கச்செவேலென்ற ஈறு, தள்ளாட்டம் தெரிந்தால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், குழாய்த் தண்ணீரை வயிறு, தொடை இடுக்கு, கால் எல்லாம் ஊற்றி, விசிறியைப் போடுங்கள். ஈரத் துண்டால் மூடி வைக்காதீர்கள். துண்டு சூடேறி வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும். மயங்கிக் கிடக்கும் நாயின் வாயில் தண்ணீர் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். குளிர்வித்துக்கொண்டே மருத்துவரிடம் கிளம்ப வேண்டும்.

அடுத்தது ஆள். திருப்பூரிலும் கோவையிலும் பிள்ளைகள் வேலையில் இருக்க, தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், அப்பாரும் ஆத்தாளும் தனியாக இருக்கிறார்கள். காவலுக்கென்று ஒரு ராட்வீலர் குட்டியை வாங்கிக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். வளர்ந்த ஆண் ராட்வீலர் 50 கிலோ வரும். ஆத்தாளே 45 கிலோ இருந்தால் பெல்ட்டை யார் இழுப்பது? பழக்காத பெரிய நாய் ஒருமுறை பாய்ந்தால் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிவது வயதானவர்தான். ராட்வீலரும் டாபர்மேனும் பழக்கத் தெரிந்த, தினமும் நேரம் இருக்கிற, உடம்பில் வலுவுள்ள ஆள் வீட்டில் இருந்தால் மட்டும் வளர்க்க வேண்டிய நாய்கள்.

தனிச் சாளைக்கு முதலில் வேண்டியது சத்தம். ஆள் வருவதை இருபதடி தூரத்திலேயே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். வீட்டுக்குள் ஒரு சடை நாய், வாசலில் ஒரு நாட்டு நாய் என்ற ஜோடி இதற்கு நன்றாகப் பொருந்தும். சடை நாய், அதாவது இங்கே பொமரேனியன் என்று விற்பதில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ்தான். நம் சூட்டுக்குப் பழகியது, சின்ன வகை 5 முதல் 7 கிலோ. இலை அசைந்தாலும் குரைக்கும். அபார்ட்மெண்டில் தொல்லையாக இருக்கும் அதே குணம் தோட்டத்தில் காவல். வெயிலுக்கு நல்லது என்று இதற்கு மொட்டை அடிக்காதீர்கள். இரட்டை அடுக்கு முடி வெயிலையும் தடுக்கும். மழித்தால் சில நாய்களுக்குச் சரியாக முளைப்பதே இல்லை. வாரம் மூன்று தடவை சீவி, உதிர்ந்த உள்முடியை எடுத்துவிட்டால் போதும்.

ஆட்டுப்பட்டி இருக்கிற இடத்தில் கணக்கே வேறு. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் மூன்றுமே வேட்டைக்கென்று வந்தவை. ஓடுவதைத் துரத்துவது அவற்றின் பிறவிக் குணம், அடித்துத் திருத்த முடியாது. காங்கேயம், வெள்ளக்கோவில் பக்கம் கொறங்காட்டில் (வேலி போட்ட மேய்ச்சல் காட்டில்) செம்மறி மேயும் ஊரில் இவற்றை ராத்திரி அவிழ்த்துவிட்டால், தெரு நாய்க் கூட்டத்தோடு சேர்ந்து பட்டிக்குள் இறங்கும். கிளுவை வேலியில் ஒரு சந்து போதும். குட்டிக்கு மூன்றாம் வாரம் முதல் பதினான்காம் வாரம் வரைதான் உலகம் பழகும் காலம். எட்டாவது வாரத்தில் வந்ததுமே தினமும் கால்மணி நேரம் கயிற்றோடு ஆட்டுக்கும் கோழிக்கும் நடுவே உட்கார வையுங்கள். அப்படிப் பழகினாலும் ஆறடி மதிலோ கம்பி வேலியோ இல்லாமல் இந்த மூன்றையும் அவிழ்த்துவிட வேண்டாம். பகல் முழுக்கச் சங்கிலியில் கட்டினால் கடிநாயாகும். காலையில் முக்கால் மணி, மாலையில் முக்கால் மணி ஓடவிட ஆள் இருந்தால் சிப்பிப்பாறையைப் போல வீட்டுக்குள் அமைதியாகச் சுருண்டு கிடக்கும் நாய் குறைவு.

ராஜபாளையத்தில் ஒன்றைப் பார்த்தே ஆக வேண்டும். முழு வெள்ளையும் ரோஜா நிற மூக்கும் அழகுதான், ஆனால் அதோடு பிறவிச் செவிடும் சில குட்டிகளுக்கு வருகிறது. குட்டியைக் கூட்டத்திலிருந்து தனியே பிரித்து, அது வேறு பக்கம் பார்க்கும்போது பின்னால் நின்று கைதட்டுங்கள். காற்றோ நிழலோ அதன் மேல் படக்கூடாது. காது திரும்புகிறதா என்று மட்டும் கவனியுங்கள். கூட்டத்தோடு இருந்தால் மற்ற குட்டிகளைப் பார்த்துத் திரும்பி நம்மை ஏமாற்றிவிடும்.

குழந்தைகள் உள்ள வீட்டுக்கு லேப்ரடார் நல்ல நாய்தான். ஆனால் லேப் பசி அடங்காத இனம், கொடுக்கக் கொடுக்கத் தின்னும். சோறும் மிச்சக் குழம்பும் ஊற்றி 45 கிலோவுக்கு ஏற்றிவிடுகிறார்கள். இருக்க வேண்டியது 25 முதல் 35. விலாவில் விரலை ஓட்டினால் எலும்பு தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லை என்றால் சோற்றைக் குறையுங்கள். வெங்காயம் போட்ட குழம்பு ரத்தத்தைக் கெடுக்கும். வெந்த கோழி எலும்பு சிலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். லேப், ஜெர்மன் ஷெப்பர்ட் இரண்டுக்கும் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரும். டைல்ஸிலும் கிரானைட்டிலும் வழுக்கி வழுக்கி வளரும் குட்டிக்கு இது மோசமாகும், அது நடமாடும் இடத்தில் ரப்பர் பாய் விரித்துவிடுங்கள். வளரும் குட்டிக்குக் கடையில் வாங்கிய கால்சியத்தை இஷ்டத்துக்கு ஊற்றுவதும் எலும்பைக் கெடுக்கும். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க நாமக்கல், உடுமலைப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

பீகிள் மோப்பம் பிடித்தால் கூப்பிட்டாலும் திரும்பாது, தனியே விட்டால் ஊளையிடும். அபார்ட்மெண்டில் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒத்து வராது. டாக்ஸ்ஹவுண்டுக்கு முதுகு நீளம், மாடிப்படி ஆகாது.

மாட்டுக் கட்டுத்தறி பக்கத்தில் இருக்கும் எல்லா நாய்க்கும் உண்ணிதான் முதல் எதிரி. காது மடலுக்குள், விரலிடுக்கில், வாலடியில் தினமும் தடவிப் பாருங்கள். நாய் மேல் மருந்து போட்டால் மட்டும் தீராது. உண்ணி சுவரேறி விரிசலுக்குள் ஆயிரக்கணக்கில் முட்டை வைக்கும். விரிசலைச் சிமெண்ட் வைத்துப் பூச வேண்டும். ஈறு வெளுப்பு, மூக்கில் ரத்தம், காப்பி நிறச் சிறுநீர், சாப்பிடாமல் சுருண்டு படுப்பது, இதில் எது தெரிந்தாலும் அன்றே ரத்தப் பரிசோதனை. மாட்டுக்கு வாங்கி வைத்த உண்ணி மருந்தை நாய்க்கு ஊற்றாதீர்கள், மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியையும் போடாதீர்கள். கோலி (Collie) என்ற நாய் இனத்திலும் அதன் கலப்பிலும் ஐவர்மெக்டின் மூளையைத் தாக்கி உயிரை எடுக்கும்.

எந்த இனமானாலும் எட்டு வாரம் ஆகாத குட்டியை வாங்காதீர்கள். 2017-ஆம் வருட நாய் வளர்ப்பு விதிகளே அப்படி விற்பதைத் தடுக்கின்றன. ஆறு முதல் எட்டாவது வாரத்தில் முதல் கூட்டுத் தடுப்பூசி, பதினாறாவது வாரம் வரை மூன்று நான்கு வார இடைவெளியில் மறுபடியும். வெறிநாய்த் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில். கடைசி ஊசி முடியும் வரை தெருவில் இறக்க வேண்டாம். முன்னே ஒரு குட்டி பார்வோ என்ற வாந்தி பேதி நோய் வந்து செத்த வாசலாக இருந்தால் அந்தக் கிருமி மண்ணில் ஒரு வருடம் வரைகூடத் தங்கும். ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து தரையைக் கழுவுங்கள். மண் தரையைக் கழுவித் தீராது, அங்கே தடுப்பூசி முழுக்க முடிந்த நாயை மட்டும் கொண்டுவாருங்கள்.