தறி நின்ற தெரு

2020 மார்ச் கடைசி, கொரோனா ஊரடங்கு. சேலம் அம்மாபேட்டையில எங்க தெருவுல தறிச் சத்தம் நின்னு போச்சு. சனிக்கிழமை வர்ற வாரக்கூலி வரல. ஏப்ரல்ல ரேஷன்ல அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெய் இலவசமா குடுத்தாங்க, அட்டைக்கு 1000 ரூபாயும். பெரிய உதவிதான். ஆனா காய்கறிக்கு? பக்கத்து வீட்டக்கா கஞ்சியில உப்பைப் போட்டு மூணு பிள்ளைங்களுக்கும் ஊத்துனதை வாசல்ல நின்னு பார்த்தேன். பள்ளிக்கூடம் மூடுனதால சத்துணவு முட்டையும் போச்சு. அதை நினைச்சா இன்னிக்கும் மனசு ஆறல.

அதே வாரம் தலைவாசல் பக்கம் எங்க மாமா தோட்டத்துல, ஏத்த வண்டியில்லாம தக்காளி வரப்புலயே அழுகிக்கிட்டிருந்துச்சு. பால் வண்டியில ஒரு கூடை போட்டு அனுப்பினார். அன்னிக்கு அக்கா வீட்ல ரசம் கொதிச்ச வாசம் தெருமுனை வரைக்கும் வந்துச்சு.