ஒரே சுவரில் ஏழு மீட்டர்

1996-ல் என்னைத் திருநெல்வேலியில் முஸ்லிம்கள் நிறைய வாழ்கிற மேலப்பாளையத்துக்கு மின் கணக்கெடுக்கப் போட்டார்கள். "அங்கயா? பாத்துப் போங்க" என்றார்கள் தெரிந்தவர்கள். அப்படிச் சொன்னவர்களில் ஒருவர்கூட அந்த ஊர் முடுக்குகளுக்குள், அந்தக் குறுகலான சந்துகளுக்குள், நடந்ததில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நான் 26 வருஷம் நடந்தேன். இடையில் வேறு பக்கம் மாற்றல் வந்தாலும் திரும்பத் திரும்ப அங்கேயே வந்து சேர்ந்தேன். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, வீடு விடாமல் ஏறி இறங்கியவன் என்ற உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

நான் போவதற்கு இரண்டு வருஷம் முன்புவரை மேலப்பாளையம் தனி நகராட்சி. 1994-ல்தான் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, தச்சநல்லூர் எல்லாவற்றையும் சேர்த்து மாநகராட்சி ஆக்கினார்கள். இன்றைக்கும் அந்த ஊர்க்காரர்களுக்கு டவுன் வேறு, பாளை வேறு, மேலப்பாளையம் வேறுதான். ஊருக்குள் பாளையங்கால்வாய் ஓடுகிறது. பாபநாசம் கீழ்முகாமில் 1944-ல் தொடங்கிய மின்நிலையத்தின் சக்கரங்களைச் சுற்றிவிட்டு இறங்குகிற தண்ணீர், தாமிரபரணியோடு வந்து, பழவூர் அணைக்கட்டில் கால்வாய்க்குத் திரும்பி, இந்தத் தெருக்களின் ஓரமாகப் போகிறது. அந்த மலைத் தண்ணீர் பிறப்பித்த கரண்டைத்தானே நாம் வீடு வீடாக எண்ணுகிறோம் என்று கால்வாய்ப் பாலத்தில் நிற்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

எனக்கு அந்த ஊரைக் கற்றுக்கொடுத்தது வளவுதான். தெருவில் பார்த்தால் ஒரே ஒரு தலைவாசல். உள்ளே போனால் நீள நடை, இரண்டு பக்கமும் வீடுகள், கடைசியில் பொதுவாக ஒரு கிணறு. மீட்டர்களெல்லாம் நடைச் சுவரில் வரிசையாக இருக்கும். முதலில் பெரியவர் பெயரில் ஒன்று. மகன்கள் தனி அடுப்பு வைத்ததும் அதன் பக்கத்தில் இரண்டாவது, மூன்றாவது. ஒரு வளவில் நான் முதலில் போனபோது இரண்டு மீட்டர் இருந்தது. கடைசியாகப் போனபோது ஏழு. பாகம் பிரிந்தார்கள், பட்டாசல் என்கிற கூடத்துக்கு நடுவே சுவர் எழுப்பினார்கள், மச்சு கட்டினார்கள். ஆனால் வளவை விட்டுப் போகவில்லை.

நான் பாளையங்கோட்டைப் பக்கத்துக் காலனிகளிலும் வேலை பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு ஒரு மதில், ஒரு கேட். வீடு பூட்டியிருக்கிறது என்று அங்கேதான் அதிகம் எழுதியிருப்பேன். எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள், அதில் தப்பொன்றும் இல்லை. வளவில் எனக்கு அந்தச் சிக்கலே வந்ததில்லை. நடையில் நின்று "ஈபி" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு யாராவது ஒரு பெரிய அம்மா வருவார். "அவ ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா, அட்டைய எங்கிட்ட தந்துட்டுத்தான் போயிருக்கா" என்று மீட்டர் கணக்கு எழுதுகிற வெள்ளை அட்டைகளை மூன்று வீட்டுக்கும் சேர்த்து நீட்டுவார்.

அந்த அட்டைகளில் இருக்கிற எண்களை வரிசையாகப் படிக்கத் தெரிந்தால் ஊரின் கதை தெரியும். தறிக்குழி உள்ள வீடுகளில் நான் சேர்ந்த காலத்தில் இரண்டு மாதத்துக்கு 30 யூனிட், 35 யூனிட் என்றுதான் வரும். கைத்தறிக்குக் கரண்ட் வேண்டாம், காலும் கையும்தான் வேண்டும். குழிக்கு மேலே தொங்குகிற 40 வாட் குண்டு பல்பு தினம் 8 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 19 யூனிட் சொச்சம். மிச்சம் அடுக்களை விளக்கும் ஒரு மின்விசிறியும். பிறகு ஒவ்வொரு அட்டையாக எண் ஏறியது. மகன் சவுதிக்கோ துபாய்க்கோ போயிருப்பான். ஃபிரிட்ஜ் வந்திருக்கும், மாடியில் ஓர் அறை எழுந்திருக்கும். 2016-ல் வீடுகளுக்கு 100 யூனிட்டும் கைத்தறிக்கு 200 யூனிட்டும் இலவசம் என்று வந்தபோது, என் ரவுண்டில் தறிச் சத்தம் கேட்கிற வீடுகளைத் தேட வேண்டியிருந்தது. குழிகளை மூடி சிமெண்ட் பூசிவிட்டார்கள். சில வீடுகளில் அந்த இடம் மட்டும் கால் வைத்தால் தனியாகத் தெரியும். அந்தச் சலுகை இருபது வருஷம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று இன்றும் எனக்கு ஆற்றாமைதான்.

தறி நின்ற வீடுகளையும் சேர்த்துத் தாங்கியது பீடி. தார்சா என்கிற முன்கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துக்கொண்டு சுற்றிக்கொண்டே இருப்பார்கள். முந்தின ராத்திரி நனைத்து வைத்த இலையை அளவுத் தகடு வைத்து வெட்டி, தூள் வைத்து உருட்டி, நுனியை மடக்கி, நூல் சுற்ற வேண்டும். ஆயிரம் பீடிக்குத்தான் கூலிக் கணக்கு. சேர்ந்த புதிதில் ஒரு நாள் அப்படி ஒரு அம்மாவின் அட்டையில் யூனிட்டைக் கழித்து எழுதிக் கொடுத்தேன். அட்டையைப் பார்த்தவர் சுற்றுவதை நிறுத்திவிட்டு, "தம்பி, போன தடவை 1,862. இன்னைக்கு 1,907ன்னு எழுதிருக்கிய. 45தானே வரும்? 55 போட்டிருக்கியளே" என்றார். பென்சில் இல்லை, விரல் மடக்கவும் இல்லை. நான் திருத்திக் கையெழுத்துப் போட்டதும், "நாங்க கடையில தினம் எண்ணிக் கொடுத்துட்டு வாரோம்லா. இலை குறைஞ்சாலும் எங்க தலையில, கழிச்சுப் போட்டாலும் எங்க தலையில. எண்ணாம இருக்க முடியுமா?" என்று சொல்லிவிட்டு அடுத்த இலையை எடுத்தார். அன்றிலிருந்து மேலப்பாளையத்தில் மட்டுமல்ல, எங்கேயுமே இரண்டு தடவை கழித்துப் பார்க்காமல் நான் அட்டையில் எழுதியதில்லை.

செவ்வாய்க்கிழமை ஆட்டுச்சந்தை. அன்றைக்குச் சந்தைப் பக்கத்து ரவுண்டை வைத்துக்கொள்ள மாட்டேன். நோன்பு மாதம் அப்படி ஒதுக்க முடியாது. அது வருஷத்துக்கு 11 நாள்போல முன்னால் நகரும். விடியுமுன்னே எழுந்து சமைக்கிற மாதம் என்பதால் ராத்திரி விளக்கு அதிகம் எரியும், அட்டையிலும் கொஞ்சம் ஏறியிருக்கும். நான் சேர்ந்த வருஷம் தை மாதம் தொடங்கிய நோன்பு மார்கழி, கார்த்திகை என்று முன்னால் முன்னால் நகர்ந்து, கோடையைத் தாண்டி, ஓய்வு பெற்ற 2022-ல் பங்குனிக் கடைசிக்கு வந்திருந்தது.

அந்த ஏழு மீட்டர் சுவருக்குக் கடைசியாகப் போன அன்று, முதல் மீட்டரின் அட்டையை ஒரு இளைஞன் கொண்டு வந்தான். இணைப்பு அவனுடைய பாட்டனார் பெயரில் இருந்தது. அவரை நான் பார்த்ததில்லை. நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டவர். "பேரை மாத்திக்கோங்க தம்பி, பின்னால எதுக்கும் வசதியா இருக்கும்" என்றேன்.

"வாப்பாவும் மாத்தல, நானும் மாத்தலண்ணே. அவிய போட்டோ ஒண்ணுகூட வீட்டுல கெடையாது. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை நீங்க வந்து அவிய பேரைச் சொல்லிக் கூப்பிடுதிய, அது இருந்துட்டுப் போவட்டும்" என்றான்.

நான் இரண்டு தடவை கழித்துப் பார்த்து, எண்ணை எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.